டைகருக்கு நேரம் தெரியாது

உயிர்களுக்கு நேரம் தெரியும் என்பதைக் கல்லூரியில் முப்பத்தாறு ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். நாள்தோறும் ஒரே வேளையில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பழக்கினால், வைக்காத நாளிலும் தேனீக்கள் அதே வேளைக்கு வந்து வெறும் தட்டைச் சுற்றும். தொட்டாற்சிணுங்கியை இருட்டறையில் பூட்டி வைத்தாலும், வெளியே விடிகிற பொழுதுக்கு அது உள்ளே இலை விரிக்கும். கடலிலிருந்து வெகுதூரம் கொண்டுவரப்பட்ட நண்டு, ஓதம் ஏறும் நேரத்தை வாளிக்குள் இருந்தபடியே அறியும். இவற்றையெல்லாம் கரும்பலகையில் வரைந்து விளக்கிய நான், என் வாழ்க்கையின் முதல் ஆராய்ச்சியில் நிரூபித்தது இதற்கு நேர் எதிரான ஒன்றை: எங்கள் வீட்டு நாய்க்கு நேரம் தெரியாது. அப்போது எனக்குப் பத்து வயது. ஆராய்ச்சியில் பிழையில்லை. இன்று திரும்பச் செய்தாலும் அதே முடிவுதான் வரும்.

சென்ற நவம்பரில் என் மனைவி காலமானாள். அதைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. ஆனால் அறுபது ஆண்டுகளாக நண்பர்களிடமும் மாணவர்களிடமும் வேடிக்கையாகவே சொல்லிவந்த இந்த நிகழ்ச்சியை முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று இப்போது தோன்றியதற்கு அதுவே காரணம் என்பதை மறைப்பது நேர்மையாகாது. முழுமையாக என்றால், வழக்கமாக நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தாமல்.

செகந்திராபாத்தில் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பின் கடைசி வரிசையில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்புறம் கம்பி வேலியும் மரக் கேட்டும், கேட்டை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். அப்பா பாசஞ்சர் வண்டிகளில் கார்டாக இருந்தார். அந்தக் குடியிருப்பில் ஒருவர் மற்றவரிடம் மணி கேட்டு நான் பார்த்ததில்லை. ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் ஆண்கள் சைக்கிளை எடுப்பார்கள். ஷன்டிங் எஞ்சின் தண்ணீர் பிடிக்கத் திரும்பினால் பெண்கள் உலை வைப்பார்கள். தூங்குமூஞ்சி மரம் இலைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மூடத் தொடங்கினால் எங்களை விளையாட்டிலிருந்து கூப்பிடுவார்கள். “நாலரை ஆச்சு” என்று சொல்வதில்லை. “விகாராபாத் வண்டி போயாச்சு” என்பார்கள். வண்டி தாமதமானால் தெருவுக்கே பொழுது தாமதமாகும், சோறும் தாமதமாகும்.

எங்கள் வீட்டில் ஒரு டைம்பீஸ் இருந்தது. அது நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் பின்தங்கும். கார்டு ஒருவரின் வீட்டில் இப்படியொரு கடிகாரம் இருப்பதை அப்பா குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்காகவே கருதினார். அவருடைய சட்டைப்பைக் கடிகாரமோ, ஒவ்வொரு முறை வேலைக்குப் போகும்போதும் ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒப்பிடப்பட்டு, கையெழுத்தும் பெற்று, குற்றமற்றதாக வெளியே வரும். அப்பா வெளியூரில் இருக்கும் நாட்களில் வீட்டின் நேரம் அம்மாவிடம் இருந்தது. அவளுக்கு அது எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை. அப்பா எந்த நாள் எந்த வண்டியில் போய் எப்போது திரும்புவார் என்பதைச் சொல்லும் பணிமுறைக்கு ‘லிங்க்’ என்று பெயர். அதை அவர் ஒரு பழைய காலண்டர்த் தாளின் பின்புறம் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டியிருப்பார். அம்மா அதைப் பார்த்து நான் கண்டதில்லை. அவளுக்கு அது மனப்பாடம்.

டைகர் எங்கள் நாய். பெயருக்கும் சுபாவத்துக்கும் தொடர்பில்லை. அடுத்த வீட்டுக் கோழி எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடும். ஆனாலும் அது குடியிருப்பு முழுவதும் புகழ் பெற்றிருந்தது. அப்பா இரண்டு நாள் கழித்து வந்தாலும் மூன்று நாள் கழித்து வந்தாலும், காலை பதினொன்று இருபதுக்கு வந்தாலும் மாலை ஐந்து நாற்பதுக்கு வந்தாலும், அவர் வீடு சேர்வதற்கு இருபத்தைந்து நிமிடம் முன்பாக டைகர் எழுந்து போய்க் கேட்டருகே உட்கார்ந்துவிடும். “உங்க நாய்க்கு லிங்க் தெரியும்” என்று அப்பாவின் சகாக்கள் சொல்வார்கள். நேரத்தையே தொழிலாகக் கொண்ட மனிதர்கள் ஒரு நாய்க்குத் தர முடிந்த மிகப் பெரிய பட்டம் அது.

அந்தப் புகழே டைகருக்கு ஆபத்தாக வந்தது. கொண்டுவந்தவர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. திருமுல்கேரியில் ராணுவக் கிடங்கு ஒன்றில் தற்காலிக கிளார்க்காக இருந்தார். அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்குச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர், ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர் ஒருவர். அவர் சைனிக்புரியில் அப்போதுதான் வீடு கட்டிக் குடியேறியிருந்தார். நேரந்தவறாமை அவருக்கு ஏறக்குறைய ஒரு மதம். மாமா பேச்சுவாக்கில் டைகரின் மகிமையைச் சொல்லியிருக்கிறார். சுபேதார் மேஜர், “அந்த நாய் நம்மகிட்ட இருக்க வேண்டிய நாயாச்சே” என்று சொல்லியிருக்கிறார். மாமா உடனே கொடுத்துவிட்டார், வாயால்.

மே மாத விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மாமா இதை வெளியிட்டார்.

“அத்தான், அவரு ஒரு வார்த்த சொன்னாப் போதும், நமக்குப் பர்மனென்ட். இந்த நாய் எதுக்கு இங்க? அங்க பங்களா மாதிரி வீடு, தெனம் கறி.”

“நாய் பையனோடது. அவன்கிட்ட கேளு” என்றார் அப்பா.

“நக்கோ, மாமா” என்றேன், வேண்டாம் என்பதை எங்கள் ஊர் உருதில்.

“நக்கோவா? அப்ப மாமனுக்கு வேல நக்கோ, நாய்தான் ஹோனா? யக்கா, கேட்டியா ஒம் மவன் பேச்ச!”

அம்மா மாமாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். தம்பியின் வேலையும் அவளுக்கு வேண்டியிருந்தது. என் முகத்தையும் அவள் பார்த்திருக்க வேண்டும். 

அப்பாதான் தீர்ப்பளித்தார். அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அவர் ஐந்து நாற்பதுக்கு வீடு சேருவார். அன்று சுபேதார் மேஜர் நேரில் வந்து, தன் கடிகாரத்தை வைத்துத் தானே பார்க்கட்டும். சொன்னபடி நாய் நேரத்துக்கு எழுந்து போனால் அது அவருடையது. போகாவிட்டால் பேச்சே இல்லை.

எனக்குப் பதின்மூன்று நாட்கள் இருந்தன. டைகர் தோற்க வேண்டும். தோற்றால்தான் என்னோடு இருக்கும். முதலில் அதைக் கட்டிப்போடலாம் என்று நினைத்தேன். கட்டிப்போட்டாலும் நேரம் வந்ததும் கயிற்றை இழுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நிற்கும். அதுவே போதும் சுபேதார் மேஜருக்கு. வயிறு நிறையப் போட்டுத் தூங்கவைக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் நாயின் வயிறு நிறையுமளவு எதுவும் மிஞ்சுவதில்லை. ஆகவே அதற்கு நேரம் எப்படித் தெரிகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த வழியை அடைப்பது ஒன்றே மிச்சம். அழுவதில்லை என்றும், யாரிடமும் கெஞ்சுவதில்லை என்றும் தீர்மானித்துக்கொண்டேன். போன வகுப்புக் கணக்கு நோட்டில் மீதியிருந்த பக்கங்களில் கோடு போட்டேன். டைம்பீஸின் பிழையைத் தினமும் சங்கு ஊதும்போது திருத்தி வைத்துக்கொண்டேன்.

எஞ்சினின் ஊதலை வைத்து டைகர் அடையாளம் கண்டுகொள்கிறது என்பதே குடியிருப்பின் பொதுவான நம்பிக்கை. நான்காம் நாளே அது பொய்த்தது. அன்று அப்பாவின் வண்டி வழியில் எங்கோ நின்றுவிட்டது. பதினொன்று இருபதுக்கு வர வேண்டியவர் ஒன்று ஐந்துக்குத்தான் வந்தார். ஆனால் டைகர் பத்து ஐம்பத்தைந்துக்கே கேட்டுக்குப் போய்விட்டது. வராத வண்டியின் ஊதலை எந்த நாயும் கேட்க முடியாது. ‘டை. இரண்டு மணி பத்து நிமிடம் கேட்டில். தண்ணீர் குடிக்கவில்லை’ என்று எழுதிவைத்தேன். அந்த இரண்டு மணி நேரமும் அம்மா சமையலறை வாசலில் நின்றாள். நடுவில் மூன்று முறை கேட்டுவரை வந்து தெருமுனையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அவளும் அன்று தண்ணீர் குடித்ததாக நினைவில்லை. அதற்கு என் நோட்டில் கோடு போட்டிருக்கவில்லை.

சூரியனைப் பார்த்து அறிகிறதோ என்றால், ஒரு நாள் காலையும் மறு முறை மாலையுமாக மாறுகிற வேளையைச் சூரியன் எப்படிச் சொல்லும்? மாமா வாசனை என்றார். அப்பா வருகிற திசைக்குக் காற்று எதிராக அடித்த நாளிலும் டைகர் தவறவில்லை. அதையும் அடித்துவிட்டேன்.

ஆறாம் நாள் கடவுளே எனக்கு உதவியதாக நம்பினேன். லிங்க் படி மறுநாள் மாலைதான் வர வேண்டிய அப்பா, வேறொரு கார்டோடு வேலையை மாற்றிக்கொண்டு அன்று நண்பகலுக்கே வந்து நின்றார். டைகர் மரத்தடியில் நான்கு கால்களையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா குழாயடியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கை வரை சோப்பு நுரையோடு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பின்பக்கமாக உள்ளே ஓடினாள். ஓடினாள் என்றே சொல்ல வேண்டும்; அவள் ஓடி அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாதது நாய்க்கும் தெரியவில்லை. அப்படியானால் நாய்க்குத் தெரிவது, வீட்டில் யாருக்கோ தெரிவதுதான். வீட்டில் இருப்பவர்கள் இருவர். அடுத்த முறை அப்பா வரும் வேளைக்கு நான் இரண்டு மணி நேரம் முன்பே வெளியேறி, அடுத்த வீட்டு மதிலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். நான் இல்லாமலும் டைகர் சரியான நேரத்துக்கு எழுந்தது. மிஞ்சியது அம்மா.

பத்தாம் நாள் அம்மாவைக் கவனித்தேன். தேனீயைக் கவனிப்பதுபோல என்று இப்போது சொல்லலாம். அப்பா வருவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது குளிக்க வெந்நீர் வைத்தாள், டைகர் அசையவில்லை. குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள், அசையவில்லை. தலைமுடியை அவிழ்த்து முடிந்தாள், கண்ணைக்கூடத் திறக்கவில்லை. பிறகு உள்ளறைக்குப் போய், சுவரில் சாய்த்திருந்த கண்ணாடியின் பின்னாலிருந்து ஒரு வட்டத் தகர டப்பாவை எடுத்தாள். மேலே ரோஜாப்பூப் படம் போட்ட பவுடர் டப்பா. அதன் மூடி இறுகிப்போயிருந்ததால் நகத்தைக் கொடுத்து நெம்பித்தான் திறக்க வேண்டும். திறந்தபோது ‘டொக்’ என்று ஒரு சத்தம் வந்தது. முற்றத்தில் டைகர் தலையைத் தூக்கியது, எழுந்தது, உடம்பை உதறியது, கேட்டை நோக்கி நடந்தது.

எங்கள் அம்மா வேறெதற்கும் பவுடர் போட்டுக்கொள்பவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக்கூட வெறும் முகத்தோடுதான் வருவாள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த பிறகும், அவள் பிறந்த கிறிஸ்தவ வீட்டில் பூ இல்லை, பொட்டு இல்லை, பவுடர் இல்லை. ஆண்டவருக்கு முன்னால் பூசிக்கொண்டு போய் நிற்பது அங்கே பாவம். ஆகவே அந்த மூடி திறக்கும் சத்தம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு காரியத்துக்கு மட்டும் உரியதாக இருந்தது. நாய்க்கு வேறெந்தக் குழப்பமும் நேர வழியில்லை. எத்தனை சுத்தமான சோதனைச் சூழல் என்று பிற்காலத்தில் வகுப்பில் வியந்து சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, அப்பா எங்கோ நூறு மைலுக்கு அப்பால் இருக்கையில், அம்மா ரேஷன் கடைக்குப் போன சமயம் பார்த்து நானே மூடியைத் திறந்தேன். டைகர் கேட்டுக்கு ஓடியது. கூப்பிட்டுவந்து, சற்றுப் பொறுத்து, மறுபடி திறந்தேன். மறுபடி ஓடியது. மூன்றாம் முறை பாதிவழி போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்தது. ஆயினும் எனக்கு விடை கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை நாலரைக்குச் சுபேதார் மேஜர் வந்தார். மீசை, கஞ்சி போட்ட சட்டை, சங்கிலி கோத்த பெரிய கடிகாரம். மாமா முன்னும் பின்னும் ஓடி மரத்தடியில் நாற்காலி போட்டார். மிக்சரும் டீயும் கொண்டுவந்து வைத்தார். டைகர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. பவுடர் டப்பா என் பள்ளிக்கூடப் பைக்குள், கட்டிலுக்கடியில் இருந்தது.

ஐந்து மணிக்கு மேல் உள்ளறையில் அம்மா தேடத் தொடங்கினாள். கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தாள், அலமாரியில் பார்த்தாள், தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கதவுத் திரையை விலக்கி, வெளியே கேட்காத குரலில் என்னைக் கூப்பிட்டாள்.

“ஏல, பவுடர் டப்பாவப் பாத்தியா?”

“பாக்கலயேம்மா.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவள் என்னை இன்னொரு முறை பார்த்தாள். உள்ளே போய்க் கண்ணாடி முன் நின்று, ஈரக் கையால் முகத்தைத் தடவித் தடவிச் சரிசெய்தாள். நான் வெளியே போய் டைகரின் பக்கத்தில் நின்றுகொண்டேன். என் தீர்மானம் கலையவில்லை.

ஐந்தேகால். டைகர் தூங்கியது. ஐந்து இருபத்தைந்து. ஒரு ஈயை விரட்டக் காதை அசைத்தது; மாமா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“இன்னாப்பா கிளார்க்கு, காது மட்டும்தான் டூட்டிக்குப் போவுதா?” என்றார் சுபேதார் மேஜர்.

“ஒரு நிமிஷம் சார்... இன்னைக்கு வெயில் சாஸ்தி... டேய் டைகர்! எந்திர்றா, எந்திரி! அப்பா வர்றாரு பாரு!”

“நீ சொல்லி எய்ப்பினா அது நாய் டைம் இல்லியே, உன் டைம்தானே?”

ஐந்து நாற்பதுக்கு அப்பா வெள்ளைச் சீருடையில் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். தாழ்ப்பாள் சத்தத்தில்தான் டைகர் விழித்தது. அவசர அவசரமாக எழுந்து, தூக்கம் கலையாமலே வாலை ஆட்டியது. சுபேதார் மேஜர் தன் கடிகாரத்தை மூடினார்.

“கார்டு சாருக்கு டைம் கரெக்டு. நாய்க்குத்தான் ஜீரோ. இத போயி டைம் தெரிஞ்ச நாய்ன்னியேப்பா. சுத்த முட்டாள் நாய்.”

நான் வென்றுவிட்டேன். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு டைகரை அழைத்துப் போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அவர் அதை முட்டாள் என்றார். பன்னிரண்டு நாட்கள் அதன் அறிவை அங்குலம் அங்குலமாக அளந்தவன் நான் ஒருவன்தான். அந்தச் சொல்லை என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே ஓடி, பையிலிருந்து டப்பாவை எடுத்துவந்து, எல்லோருக்கும் நடுவில் நின்று மூடியை நெம்பினேன். டொக். டைகர் அப்பாவை விட்டுவிட்டு நேராகக் கேட்டுக்குப் போய், தெருவைப் பார்த்து உட்கார்ந்தது. அப்பா ஏற்கெனவே வந்துவிட்டார் என்பதை அது பொருட்படுத்தவில்லை.

“டைகர் முட்டாளில்ல சார். அதுக்கு மணி தெரியாது, அம்புட்டுதான். அப்பா வர்றதுக்கு முன்னால அம்மா முகம் கழுவி பவுடர் போடுவாங்க. டெய்லி இல்ல, அப்பா வர்ற அன்னைக்கு மட்டும். இந்தச் சத்தம் கேட்டதும் அது கேட்டுக்குப் போவும். நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

 பிறகு சுபேதார் மேஜர் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காகங்கள் எழுந்து பறந்தன.

“அப்டியா சேதி! கார்டு சார், உங்க வூட்டு டைம்டேபிள் பவுடர் டப்பாலதான் இருக்குதா? அப்போ நாயோட இந்த டப்பாவையும் குடுக்கணும், அம்மாவையும் இல்ல அனுப்பணும்!”

மாமா சிரிக்க வேண்டியவர், சிரித்தார். அதே மூச்சில் திரைப்பக்கம் திரும்பி, “யக்கா! நீயா? பவுடரா? நம்ம அய்யா இருந்தா...” என்று இழுத்தார்.

அப்பா தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “டீ சாப்பிட்டீங்களா?” என்று சுபேதார் மேஜரிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், வாசல் வழியாக உள்ளே போகாமல், வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். திரை அசையவில்லை.

இந்த இடத்தில்தான் வழக்கமாக நான் கதையை நிறுத்துவேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி மட்டும் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. “அப்புறம் அத்தை என்ன செஞ்சாங்க?” என்று முதல் தடவை கேட்டாள். நினைவில்லை என்று சொன்னேன். அவள் திரும்பக் கேட்கவில்லை.

அன்று யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. சொன்ன பொய்க்கு அடி விழும் என்று எதிர்பார்த்திருந்தேன், அதுவும் இல்லை. டைகர் எங்களோடு தங்கியது. மாமாவுக்கு மறு வருடம் வேலை நிரந்தரமாயிற்று. சிரிப்பின் நன்றியாகவோ என்னவோ, சுபேதார் மேஜர் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார் என்று பேச்சு. ஆக, யாருக்கும் எந்த இழப்பும் இல்லாமல் எல்லாம் முடிந்தது என்று நான் கருத இடமிருந்தது.

அடுத்த முறை அப்பா வந்தபோது டைகர் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. பவுடர் டப்பா கண்ணாடிக்குப் பின்னால் தன் இடத்தில்தான் இருந்தது. அம்மா வெந்நீர் வைத்தாள், முகம் கழுவினாள், தலை முடிந்தாள், சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். அப்பா கேட்டைத் திறக்கும்போது முதலில் தூங்குகிற நாயைப் பார்ப்பார். பிறகு சமையலறை வாசலைப் பார்ப்பார். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு எதையாவது கிளறிக்கொண்டிருப்பாள். குடியிருப்பில் டைகரின் புகழ் மங்கியது. நாய் கோபித்துக்கொண்டுவிட்டது என்றார் மாமா. இல்லை, வயதாகிவிட்டது என்றார்கள் மற்றவர்கள். எனக்குத்தான் காரணம் தெரியுமே. ஆனால் நான் எதிர்பார்த்த விளைவு இதுவல்ல. டைகர் தோற்க வேண்டியிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமைக்கு மட்டும்.

ஒரு மாதம் பொறுத்தேன். பள்ளி திறந்த பிறகு ஒரு விடுமுறை நாள், அப்பா பதினொன்று இருபதுக்கு வர வேண்டிய நாள், டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நீங்க பவுடர் போட மறந்துட்டீங்க.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையில் இருந்த ஒரு கல்லைச் சுண்டி எறிந்தாள்.

“மறக்கலடா.”

“அப்ப போடுங்க. பாவம் டைகர், அதுக்குத் தெரியவே மாட்டேங்கு.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். டப்பாவை வாங்கி நகத்தைக் கொடுத்து நெம்பினாள். வெளியே டைகர் எழுந்து போகும் நகச் சத்தம் சிமெண்டுத் தரையில் கேட்டது. அவள் பஞ்சைத் தொட்டு எடுத்தாள். சற்று நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றியில், இரண்டு கன்னங்களில், கழுத்தில், எங்கும் திட்டு விழாமல், மிகுந்த கவனத்தோடு ஒற்றினாள். அத்தனை அருகில் அவள் முகத்தை நான் கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்திருக்கலாம்.

“இப்பப் போயி கேட்ல நில்லு. அப்பா வாராக.”

ஓடினேன். டைகரும் நானும் கேட்டருகே நின்றோம். அப்பா தெருமுனையில் திரும்பினார். இரண்டு நாள் வண்டியில் நின்று வந்தவரின் தளர்ந்த நடை. கேட்டருகே நாய் உட்கார்ந்திருப்பதைத் தொலைவிலிருந்தே கண்டுகொண்டார். உடனே நடை மாறியது. அவர் அவ்வளவு வேகமாக வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை. கையிலிருந்த பெட்டி முழங்காலில் இடித்தபடி வந்தது. கேட்டைத் திறக்கும்போதே என் தலைக்கு மேலாகச் சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதன் பிறகுதான் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

வெகு நேரம் பார்த்தார். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து, என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பவுடரைத் துடைக்கத் தொடங்கினார். மெதுவாகத் துடைத்தார்.  அவர் ஏன் அப்படி விரைந்து வந்தார், வந்தவர் ஏன் உள்ளே போகாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. டைகருக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டதில் அவருக்கும் என்னைப் போலவே மகிழ்ச்சி என்று எண்ணிக்கொண்டு, துடைக்க வசதியாக மறு கன்னத்தையும் காட்டினேன்.